லிங்கப்பனுக்குத் தெரியாத வாசனை

அந்த வருஷம் எங்கள் வரிசை வீடுகளில் லிங்கப்பன் சண்டை போடாத அடுப்பு கிடையாது. நான் கருவாடு வறுத்தால் சண்டை. எதிர் வீட்டில் கடுகு தாளித்தால் சண்டை. கோடி வீட்டுக்காரர் பீடி பற்றவைத்ததற்கு ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தார். தொண்ணூற்றாறாம் வருஷம் அது. அதற்கு முன்னால் அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

எல்லாம் அவர் மனைவி பொன்னம்மாவுக்காகத்தான். மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு ஊசி. தலைமுடி கொட்டியதையும் வாயெல்லாம் புண்ணானதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசனைதான் அவளை வாட்டி எடுத்தது. எது மூக்கில் ஏறினாலும் குடலைப் புரட்டிக்கொண்டு வரும்.

லிங்கப்பன் தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளி என்கிற ஊர்க்காரர். கல்யாணமான கையோடு பொன்னம்மாவைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தார். ஒரே மகள் தாரணியைக் குண்டலுபேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். மைசூருக்கு வந்த நாளிலிருந்து லிங்கப்பனுக்கு ஒரே வேலை, ஊதுவத்தி கம்பெனியில் சென்ட் முக்குவது. உருட்டிக் காய்ந்து வருகிற கறுப்பு வத்திக்கு மணம் கிடையாது. அதைக் கட்டுக் கட்டாக எடுத்து சென்ட் எண்ணெயில் முக்கி வடியவைக்க வேண்டும். இன்று மல்லிகை என்றால் நாளை தாழம்பூ. இருபது வருஷம் அந்தத் தொட்டியில் கைவைத்தவர் உடம்பு எப்படி இருக்கும்? அவர் தெருமுனை திரும்பும்போதே, வருவது லிங்கப்பன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். குளித்தாலும் போகாது, துவைத்தாலும் போகாது. அவருக்கு மட்டும் அது தெரியாது. கருவாடும் கடுகும் நன்றாகத் தெரியும். சென்ட் விஷயத்தில் அந்த மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

மத்தியானம் கம்பெனியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவார். கஞ்சியை ஆறவைத்து, அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்பூனால் ஊட்டுவார். இரண்டு வாய் இறங்கும். மூன்றாவது வாய்க்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, வெளியே வந்து யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்று பார்ப்பார்.

"ஜெசிந்தாம்மா, மத்தியானத்துல கருவாடு வறுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றதுங்க? அவ சாப்புட்டது பூரா வெளிய வந்துருச்சு."

"இன்னைக்கு எங்க வீட்ல அடுப்பே பத்தவெக்கல அண்ணா. சோறு காலையிலயே ஆயிருச்சு."

நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் சோப்பை மாற்றினார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வாசலில் கொண்டுவந்து வைத்தார். சாமி படத்துக்கு வத்தி கொளுத்துவதைக்கூட நிறுத்தினார். தன்னை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை.

காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு நான் கொடுக்கிற கஞ்சி அவள் வயிற்றில் தங்கும். எலுமிச்சைத் தோலை முகர்ந்துகொண்டே அரைக் கிண்ணம் குடித்துவிடுவாள். மத்தியானமும் ராத்திரியும்தான் தொல்லை. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் படிப்பா வேண்டும்? ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பொன்னம்மா, கருவாடுமில்ல, கடுகுமில்ல. உன் வீட்டுக்காரர்தானே?"

"வாய மூடிக்கிட்டு இருங்கக்கா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. என் மேல ஆணை."

எனக்குக் கோபமாக வந்தது. ஒரு வார்த்தையில் தீர்கிற தொல்லைக்காக இவள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள், அந்த மனிதர் தெருவோடு மல்லுக்கு நிற்கிறார். ஆனால் ஆணை வைத்துவிட்டாளே, என்ன செய்வது.

நாலாவது ஊசிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உடம்பு இப்படியே இறங்கிக்கொண்டு போனால் மிச்ச ஊசியைப் போட முடியாது, நிறுத்த வேண்டியதுதான் என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று லிங்கப்பன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

வார்டில் ஊசி போட வந்தது ஈவ்லின் சிஸ்டர். எங்கள் சர்ச்சுக்கு வருகிற பெண்தான். எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவள். மருந்து இன்னும் ஏற ஆரம்பிக்கவே இல்லை. லிங்கப்பன் குனிந்து தலையணையைச் சரிசெய்தார். பொன்னம்மா ஓங்கரித்தாள்.

ஈவ்லின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"ஊதுவத்தி கம்பெனில, சென்ட் முக்கற வேலைங்க."

"ஸ்வல்ப நேரம் வராண்டாவுல நில்லுங்க."

அவர் போய் நின்றார். ஓங்கரிப்பு அடங்கியது. ஊசி போட்டுவிட்டு ஈவ்லின் வெளியே வந்து நேராகச் சொன்னாள். "இந்த மருந்து ஏறுறவங்க நெறைய பேருக்கு சென்ட் வாசனை ஆகாது அண்ணா. உங்க மேல ஜாஸ்தி அடிக்குது. அதனாலதான் அவங்களுக்கு வாந்தி. கொஞ்ச நாள் பக்கத்துல போகாதீங்க."

லிங்கப்பன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்தார். பிறகு உள்ளங்கையை முகர்ந்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே சிஸ்டர்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் தன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. எங்கள் முன்னறையில் என் வீட்டுக்காரர் பெர்னார்ட் பக்கத்தில் படுத்துக்கொண்டார். சண்டை போட்ட வீடுகளுக்கெல்லாம் போய் வாசலில் பேசாமல் நின்றுவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. மத்தியானம் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார். மூன்று வேளையும் நான் கொடுத்த கஞ்சி பொன்னம்மாவின் வயிற்றில் தங்க ஆரம்பித்தது. எடையும் கொஞ்சம் ஏறியது.

ஆனால் அவள் தேறவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். ஐந்தாவது ஊசி நெருங்கியபோது, "போதுங்கக்கா, நான் வரல" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடைசியில் லிங்கப்பனை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன்.

"ஏம்புள்ள, இப்பத்தான் வாந்தி நின்னுருச்சே. இன்னும் ரெண்டே ஊசிதான?"

"நின்னுருச்சுங்க. பக்கத்துல ஆளும் இல்லாமப் போயிருச்சு."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாமப் போச்சே புள்ள. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சுவரில் சாய்ந்தாள். "என்னன்னு சொல்லட்டுங்க? எங்கண்ணன் வாசப்படியிலயே நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. கொழந்தைக்கு ஒட்டிக்குமுன்னு தாரணிய அவ மாமியா அனுப்பல. ஜெசிந்தாக்கா கஞ்சி குடுத்துட்டு அவுங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க. என்னையத் தொட்டு உக்காந்தது நீங்க ஒருத்தருதான். அதையும் எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லோணுமா? வாந்தி வந்தா வந்துட்டுப் போவுதுன்னு கெடந்தேன்."

லிங்கப்பன் ஜன்னலை விட்டு நகர்ந்து, சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்து அழுதார். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் கம்பெனியில் மேஸ்திரியிடம் போய், இனி தொட்டிப் பக்கமே வரமாட்டேன், பின்கட்டில் மூங்கில் குச்சி பொறுக்குகிற வேலை கொடுங்கள் என்று நின்றார். அது பெண்கள் பார்க்கிற வேலை. மேஸ்திரி சிரித்தாராம். இவர் சிரிக்காமல் நிற்கவே கொடுத்துவிட்டார். பழைய துணியையெல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, பெர்னார்டின் சட்டையோடு நடமாடினார். பெர்னார்ட் ஆள் குண்டு. அந்தச் சட்டைக்குள் இன்னொரு லிங்கப்பனுக்கும் இடம் இருந்தது. புளி, எலுமிச்சை, கடலைமாவு என்று யார் எதைச் சொன்னாலும் தேய்த்துக் குளித்தார். தினமும் சாயங்காலம் என் முன்னால் வந்து கையை நீட்டுவார்.

"இருக்குதுங்களா?"

"இருக்கு அண்ணா."

தனக்கே தெரியாத ஒன்றைப் பற்றி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அலுப்பில், போய்விட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லவில்லை. முன்கூட்டி எடுத்த ரத்தச் சோதனையில் ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் ஊசியை ஒரு வாரம் தள்ளிப்போட்டது எங்களுக்கு உதவியது. உற்று முகர்ந்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு அது இறங்கியதும் பொன்னம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவரு பக்கத்துல உக்காருவாருன்னா வர்றேன்" என்றாள்.

ஐந்தாவது ஊசிக்கு மூன்று பேரும் போனோம். லிங்கப்பன் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மெல்ல அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பாதி மருந்து ஏறியிருக்கும்போது அவளுக்கு வாந்தி வந்தது. நான் கிண்ணத்தை நீட்டுவதற்குள் லிங்கப்பன் பதறி எழுந்து வராண்டா பக்கம் திரும்பிவிட்டார். பொன்னம்மா ஊசி இல்லாத கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி அடங்கும்வரை விடவில்லை.

"உக்காருங்க" என்றாள் பிறகு. "இது மருந்து பண்றது. நீங்க இல்ல."

அவர் உட்கார்ந்தார். நான் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.