இரண்டு வீட்டுக்கும் ஒரே உத்தரம்

வெறும் தராசுத் தட்டு தானாக ஆடியது.

சங்கரா மீனைத் தட்டில் போடப் போன மங்கம்மா கையை நிறுத்தினாள். காற்று இல்லை. மின்விசிறியும் ஓடவில்லை. வாசல் அறை உத்தரத்தின் கொக்கியில் தொங்கும் அந்தத் தட்டு, இடமும் வலமுமாகப் போய்வந்து நின்றது.

"இன்னாக்கா, எட போடலியா?" என்றாள் மீன் வாங்க வந்தவள்.

"இரு."

மங்கம்மா அண்ணாந்து பார்த்தாள். உத்தரம் பொதுச்சுவருக்குள் நுழையும் இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. காலையில் பெருக்கியபோது அப்படி இல்லை.

பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்தின் அந்தச் சந்துக்குள் இயந்திரம் நுழையாது, கையால்தான் வேலை. சம்மட்டிச் சத்தம் சில நாளில் பழகிவிட்டது. சம்மட்டி விழுந்தால் தட்டு நடுங்கும், இப்படி ஆடாது. யாரோ அந்தப் பக்கமிருந்து உத்தரத்தை இழுக்கிறார்கள்.

மங்கம்மாவின் மாமனாரும் பக்கத்து வீட்டு ஜெகதீசனின் அப்பாவும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். வீட்டையும் சேர்ந்தே கட்டினார்கள். துறைமுக ஏலத்தில் நீளமான தேக்குமரம் ஒன்று கிடைக்க, அறுக்க மனம் வராமல், நடுச்சுவரை மரத்தைச் சுற்றி எழுப்பி இரண்டு வீட்டுக்கும் அதையே உத்தரமாக்கிவிட்டார்கள். மங்கம்மாவுக்கு இது தெரியவந்தது, மகள் சினேகாவுக்குத் தூளி கட்டிய நாளில். பக்கத்து வீட்டில் ஜெகதீசனின் அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்தால், இங்கே தூளி லேசாக அசையும். பிள்ளையும் தூங்கிவிடும். கணவனிடம் கேட்டாள். "ஒரே மரம்டி அது" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார். அவரும் இல்லை, ஊஞ்சல்காரியும் இல்லை. விவரம் தெரிந்து மிச்சமிருப்பது அவள் மட்டும்தான்.

மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மேல்தளத்துச் செங்கல்லை எல்லாம் பெயர்த்திருந்தார்கள். உத்தரம் மட்டும் வெயிலில் தனியாகக் கிடந்தது. அதன் முனையில் சங்கிலி கட்டியிருந்தது.

"யக்கா, தள்ளு. கல்லு வுழும்" என்றார் மேஸ்திரி பிராங்கிளின்.

"அத்த இழுக்காத. அது எங்க வூட்டு உத்தரம்."

"உங்க வூட்டுது உங்க வூட்ல கீது. இது சொவுத்தோட முடிஞ்சிடும். நான் எத்தினி வூடு இடிச்சிகீறேன்."

"முடியல. எங்க பக்கம் வர்து. இழுத்தா என் கூரையும் கூடவே வரும்."

பிராங்கிளின் சிரித்தார். "ரெண்டு வூட்டுக்கு ஒரே மரம் போட எவன் ஒத்துப்பான்?"

"அறுத்து எடேன்."

"அறுத்தா வெறகுதான்க்கா. முழுசா எடுத்தாதான் மரம். எனக்குக் கூலியே இந்த மரந்தான்." அவர் ஜெகதீசனுக்கு போன் போட்டார். பேசி முடித்து அவளைப் பார்க்காமல் சொன்னார். "வேலய நிறுத்தக் கூடாதாம். தோ வர்றாராம்."

ஜெகதீசன் மங்கம்மாவோடு பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. கட்டட நிறுவனம் இரண்டு மனையையும் சேர்த்துக் கேட்டது. அவன் கொடுத்தான், இவள் மறுத்தாள். இவள் கூரை விழுந்துவிட்டால் அப்புறம் மறுக்க என்ன இருக்கிறது? அவனுக்கு அந்த நினைப்பு இருக்குமா? இருக்காது என்று சொல்ல முடியவில்லை. இருக்கும் என்று நினைக்கவும் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பினாள். வாங்க வந்தவளை அனுப்பிவிட்டு, ஸ்டூலை உத்தரத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

"பிராங்கிளினு. இப்போ இழு" என்றாள் குரலை உயர்த்தி.

சுவருக்கு அப்பால் சத்தம் நின்றது. பிராங்கிளின் வாசலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா பேஜாரு பண்ற. ஏந்து வா."

"நீதான சொன்ன, சொவுத்தோட முடிஞ்சிடும்னு. அப்புறம் இன்னா பயம்?"

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். மங்கம்மா எழுந்திருக்கவில்லை. அவள் எண்ணூர்க் குப்பத்தில் பிறந்தவள். பிறந்த வீட்டைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறாள். முதலில் வாசல், அப்புறம் அடுப்படி. கடலின் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார முடியாது. இங்கே முடியும்.

விம்கோ நகரில் வாடகைக்கு இருந்த ஜெகதீசன் வண்டியில் வந்து இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"ஏந்து வெளிய வாங்க அண்ணி."

"உள்ள வா ஜெகா. இந்த வாசப்படி மிதிச்சி ஒரு வருசமாவுது."

"நான் விருந்துக்கு வரல."

"தெரியும். விருந்துக்கு வர்றவன் சங்கிலி கட்டிகினு வர மாட்டான்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் வேர்த்திருந்தது. "ரெண்டு எடமும் சேந்து குட்த்திருந்தா என் ரெண்டு பொண்ணுக்கும் ஆளுக்கொரு பிளாட்டு. உங்களால இப்போ ஒண்ணுதான். எந்தப் பொண்ணுக்கு குடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

மீன் வாங்க மூன்றாம் மாடிக்கு யார் ஏறி வருவார்கள், நாற்றம் என்று எத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள் என்று அவனிடமும் சினேகாவிடமும் சொல்லிச் சொல்லி மங்கம்மாவின் நியாயம் தேய்ந்துபோயிருந்தது.

"அதுக்கு என் தலையில கூரைய எறக்குவியா?"

"யாரு எறக்குறா? உங்க உத்தரம் வேற, எங்க உத்தரம் வேற."

"அப்டின்னா என் பக்கத்துல வந்து நில்லு. நின்னுகினு இழுக்கச் சொல்லு."

ஜெகதீசன் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தான். அவளுக்கும் தராசுக்கும் நடுவில் நின்றான்.

"பிராங்கிளினு, சங்கிலிய ஒரு கண்ணி மட்டும் ஏத்து" என்றான்.

சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது. தட்டு முதலில் அசையவில்லை. பிறகு மெல்லப் புறப்பட்டு அவன் முழங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மேலே மரம் முனகியது. அவன் தலைமுடியில் சுண்ணாம்பு கொட்டியது. உத்தரத்தின்மேல் அடுக்கிய கூரைச் செங்கல் ஒன்றின் மூலை வெளியே நகர்ந்து வருவதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"நிறுத்து" என்றான். இரண்டாம் முறை சந்து முழுக்கக் கேட்கக் கத்தினான்.

சங்கிலி தளர்ந்தது. செங்கல் அங்கேயே நின்றது.

ஜெகதீசன் தலைமுடியைத் தட்டிவிட்டான். "'நான் ஊஞ்சல் ஆடுனா சினேகா தூங்கும்'னு எங்கம்மா சொல்லிகினே இருக்கும்" என்றான். "சும்மா சொல்துன்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டுக்குப் போய் பிராங்கிளினோடு வாதாடினான். சுவரை ஒட்டி மரத்தை அறுக்க வேண்டும் என்றான். தனக்கு என்ன மிஞ்சும் என்றார் அவர். ஜெகதீசன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நெலக்கதவ எடுத்துக்கோ" என்றான். புது பிளாட்டில் வைக்கலாம் என்று அவன் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த கதவு அது.

திரும்பி வரும்போது தோளில் ஒரு சவுக்குக் கம்பு இருந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் அதை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு அடித்தான்.

"அறுக்கிற வரிக்கும் வெளிய நில்லுங்க அண்ணி."

"நான் வெளிய போய்ட்டா, அறுக்கிறானா இழுக்கிறானான்னு எனக்கு எப்டி தெரியும்?"

"என்னிய நம்பலியா?"

"இன்னிக்குக் காலையில வரிக்கும் நம்புனேன்."

அவன் மீன் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தான்.

ரம்பம் ஓடத் தொடங்கியது. பல் கூசும் சத்தம் சுவர் வழியாக வந்தது. தட்டு விடாமல் நடுங்கியது. நடுவில் மரம் பிளந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அவன் ஒரு கையால் முட்டுக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரம்பத்தின் சத்தம் திடீரென்று இலேசானது. அந்தப் பக்கம் ஏதோ கனமாக விழுந்தது. அதே நொடியில் தலைக்குமேல் ஒரு 'டொக்'. கூரை முழுவதும் ஒரு மயிரிழை இறங்கியது போலிருந்தது. தூசி திரையாகக் கொட்டியது. மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது கூரை இருந்தது. நகர்ந்த செங்கல்லும் அதே இடத்தில் இருந்தது. ஜெகதீசன் இன்னும் முட்டுக்கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மரம் ஒக்காந்துகிச்சி" என்றான். "இனிமே இது உங்களுது மட்டுந்தான்."

அவள் முந்தானையால் தராசுத் தட்டைத் துடைத்தாள். முள் பூஜ்யத்தில் நின்றது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கினான்.

"அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டறாங்க அண்ணி. சொவுரு ஓரமாவே. அத்த நான் ஒண்ணியும் பண்ண முடியாது. எடம் இப்போ என்னுது இல்ல."

"தோண்டட்டும். அன்னிக்கும் வந்து ஒக்காரு."

அவன் தலைக்கவசத்தை மாட்டினான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மங்கம்மா மீன் கூடையை மறுபடியும் வாசலுக்கு இழுத்து, ஐஸைக் கிளறி, சங்கராவை மேலே எடுத்துப் போட்டாள். கூரையிலிருந்து விழுந்ததையெல்லாம் பெருக்கி வெளியே கொட்டினாள். சவுக்கு முட்டுக்கம்பைக் கழற்றவில்லை. உத்தரத்துக்குக் கீழே கிடந்த ஸ்டூலையும் எடுக்கவில்லை.