அருகம்புல் தொட்டியில் நான் போட்ட பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத வராது என்பது ஒரு காரணம். சாமிக்குச் சாத்தும் பூவைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட, என் தப்பை என் கையாலேயே எழுத வேண்டும்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டியில் பிள்ளையாருக்கென்று அருகம்புல் வளர்த்தேன். எங்கள் செம்பட்டைப் பூனை தினமும் காலையில் அதில்தான் மேயும். தலையைச் சாய்த்துக்கொண்டு கடைவாயால் கடித்து இழுக்கும். எனக்கு மனசு உறுத்தும். எச்சில் பட்ட புல்லை எப்படிச் சாத்துவது? அது வாய் வைக்காத ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவேன்.

என் வீட்டுக்காரருக்கு அது வேடிக்கை. “அவரு எலி மேல போறவரு. பூனைக்குப் புல்லு குடுத்து தாஜா பண்ணாத்தான் வண்டி ஓடும். நீ ஏன் நடுவுல பூந்து வெரட்டற?”

“சும்மா இருங்க. சாமி விஷயத்துல வெளயாட்டு வேணாம்.”

ஒரு சங்கடஹர சதுர்த்திக்கு மறுநாள், பிள்ளையாருக்குப் போட்ட செவ்வரளி மாலையைக் கழற்றினேன். சாமி பூ கால்பட்டுவிடக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. எப்போதும் கொல்லை மாமரத்தடியில் போடுவேன். அன்று அங்கே குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், மிதிபட்டுவிடும். அதனால் நாரை அவிழ்த்து, பூவையும் அதோடு இருந்த அரளி இலைகளையும் அருகம்புல் தொட்டியில் தூவிவிட்டேன். பிள்ளையார் பூ பிள்ளையார் புல்லுக்கே போகிறது என்று திருப்தி வேறு.

பத்து மணி வாக்கில் பூனை வாந்தி எடுத்தது. புல் தின்றால் எடுக்கத்தான் செய்யும் என்று துடைத்துவிட்டுப் போனேன். மறுபடி எடுத்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. படி ஏறப் போனது, பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. துணிப்பையில் வைத்து, ஆட்டோ பிடித்து, நானும் வீட்டுக்காரருமாக மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். “இதயம் தப்பித் தப்பி அடிக்குது. என்ன தின்னுச்சு?”

“புல்லுதாங்க. அருகம்புல்லு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

சொல்லும்போதே எனக்குத் தெரியும். அரளி விஷம் என்று யாருக்குத்தான் தெரியாது? விதைதான் விஷம், பூ சாமியுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். சாமி பூவைப் போய் விஷம் என்று இந்த வாயால் சொல்வதா? பக்கத்தில் நிற்கும் மனுஷன் என்ன நினைப்பார்? சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் போயிருந்தது. பூனை என் முந்தானையில் நகத்தை மாட்டிக்கொண்டு எடுக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

“அரளிப்பூவும் எலையும் தொட்டியில போட்டேங்க. சாமிக்கு வெச்சது.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?” என்றார். அதட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அதற்கப்புறம் என்னென்னவோ ஊசி, மருந்து. சாயங்காலம் நாலு மணிக்குப் பூனை போய்விட்டது.

“அந்த அரை மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா பொழச்சிருக்குமாங்க?”

“சொல்ல முடியாதும்மா,” என்றவர், கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார். “புல்லு மேல தப்பு இல்ல. அருகம்புல்லு, கோதுமைய மொளைக்கப் போட்டு வர்ற புல்லு, கொத்தமல்லி, துளசில ரெண்டு எலை, இதெல்லாம் தின்னா ஒண்ணும் ஆவாது. பூச்சி மருந்து அடிக்காததா இருக்கணும். அரளி, எருக்கு, கத்தாழ, கார்த்திகப்பூ, மணிபிளான்ட் மட்டும் வாய்க்கு எட்டவே கூடாது. அரளி கெடந்த தண்ணி கூட ஆவாது.”

தெருவில் விஷயம் வேறு மாதிரி பரவியது. எதிர்வீட்டுப் பெண் வந்து, “பிள்ளையாரு புல்லுல வாய வெச்சிச்சு, அவரே எடுத்துக்கிட்டாரு. வுடுக்கா,” என்றாள். நான் தலையாட்டினேன். என் தப்பு அதில் மறைந்துபோனது. அவள் சொன்னதையே ஒத்துக்கொண்டுவிட்டேன்.

இப்போது வேறொரு பூனை இருக்கிறது. அது கடித்த புல்லையே கிள்ளிச் சாத்துகிறேன். அரளியும் சாத்துகிறேன், கழற்றியதை மூடி போட்ட பக்கெட்டில் வைத்திருந்து குழி தோண்டிப் புதைக்கிறேன். ஆனாலும் பூனை எதையாவது மென்றால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன்.

போன மாதம் எதிர்வீட்டுப் பூனை மணிபிளான்டைக் கடித்து வாய் வீங்கி, எப்படியோ பிழைத்தது. “புல்லு இருந்தா அதத் தின்னிருக்கும். உன் பூனைக்கு நடந்ததப் பார்த்துத்தான்க்கா எல்லாப் புல்லையும் புடுங்கிப் போட்டேன்,” என்றாள். அன்றைக்கே அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “இத்தினி நாளு ஏன்க்கா சொல்லல?” என்று கேட்டாள். மறுநாள் இதை எழுத ஆரம்பித்தேன்.

படிப்பவர்கள் பூனை வளர்க்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சாமி தண்டித்தது என்று சேர்க்காதீர்கள். புல்லால் செத்தது என்று மாற்றாதீர்கள். அரளியைப் போட்டது நான், கேட்டபோது மறைத்ததும் நான். என் மேல் இரக்கப்பட்டு அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.