தீமிதி வாரத்தில் ஒரு ஜெர்மன் கடிதம்

"கிராணியம்மா, சனிக்கிழமை டேஸ்டிங் கன்ஃபர்ம் பண்ணிட்டேன் லா!" என்று எஸ்டேட் மேனேஜரான இளைய துரை சிரித்துக்கொண்டே வந்தபோது, ஆபீஸ் குமாஸ்தாவான நான் காலண்டரைப் பார்த்தேன். எங்கள் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. டீமேக்கர் ராமையா காப்புக் கட்டியிருந்தார். காப்பு அவிழ்க்கும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டமாட்டார். தேயிலையைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங்கோ பிரிஞ்சாங் டவுன் ஹோட்டலில்.

வாங்க வருபவர் ஒரு ஜெர்மன் அம்மாள். இலையை எப்படி வாட்டினீர்கள், எவ்வளவு நேரம் உருட்டினீர்கள் என்று அவர் குடைந்தால் பதில் சொல்ல ராமையாவை விட்டால் ஆளில்லை. ஆர்டர் குறைந்து ஃபேக்டரி வாரம் மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டரும் கைநழுவினால் இரண்டு நாளாகும் என்று தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எஸ்டேட் டீக்கடைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்காக நான் ஆன்லைனில் கொஞ்சம் ஜெர்மன் படித்திருந்தேன். அந்தத் தலைக்கனத்தில், நாளை மாற்றக் கேட்கும் ஈமெயிலை நானே எழுதினேன். உடல்நலம் விசாரித்தேன், மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன், "உங்களுக்கு எந்த நாள் தோதோ அந்த நாள் வருகிறோம்" என்று முடித்தேன். பெரியவர்களிடம் நாம் நாள் குறிப்பது மரியாதையில்லை என்றுதானே வளர்ந்தோம். தீமிதியைச் சொன்னால் சாக்கு என்று நினைப்பார் என்று அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

பதில் இரண்டே வரி. "காரணம் என்ன? எந்த நாள், எத்தனை மணி? செவ்வாய் மாலை நான் ஊர் திரும்புகிறேன்."

துரை தலையில் கைவைத்தார். "போச்சு! கோவிச்சுக்கிட்டாங்க."

"பாக்காம நாள் குறிச்சது நீங்க. என்னை ஏன் மொறைக்கிறீங்க?" என்றேன். இளைய துரைகளிடம் அவ்வளவு பேசும் சர்வீஸ் எனக்கு இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் பயந்துதான் போனேன்.

ராமையா மஞ்சள் வேட்டியோடு ஆபீஸ் வாசலில் நின்றார். "சாமி காரியத்த ஏன்க்கா மறைக்கிறீங்க? நாம என்ன திருடப்போனோமா? உள்ளத எழுதுங்க."

சரியாகச் சுட்டது. மறுபடியும் உட்கார்ந்தேன். "கொன்டன் வியர் டென் டெர்மீன் ஃபெர்ஷீபன்?" என்று ஆரம்பித்தேன்; சந்திப்பை வேறு நாளுக்கு மாற்றலாமா என்று பொருள். எங்கள் டீமேக்கர் ஞாயிற்றுக்கிழமை தீமிதிக்காக விரதத்தில் இருக்கிறார், அதுவரை எஸ்டேட்டைத் தாண்டமாட்டார், திங்கள் காலை ஒன்பது, இல்லாவிட்டால் செவ்வாய் காலை ஒன்பது. ஒரே ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி. அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. "தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. திங்கள் ஒன்பது. ஹோட்டல் வேண்டாம், உங்கள் ஃபேக்டரிக்கே வருகிறேன்."

எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றார். ராமையா சொல்லச் சொல்ல நான் திக்கித் திணறி மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் ஒவ்வொரு கோப்பையையும் உறிஞ்சி, குறிப்பெழுதி, கடைசியில் ராமையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு மாதத்தில் ஃபேக்டரி வாரம் ஐந்து நாள் ஓடியது.

நாள் குறிப்பதை அடுத்தவர் தலையில் போட்டுவிட்டு அதை மரியாதை என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். யோசிக்கும் பாரத்தையும் அவருக்கே கொடுத்துவிடுகிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லு, நாளைச் சொல்லு என்பேன். இந்த வருஷம் ஜனவரியிலேயே அந்த அம்மாளிடமிருந்து ஒரு கடிதம்: "உங்கள் தீமிதி எந்தத் தேதி? அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும்."