மலையிறங்க விடாதவள்

இருசம்மாளுக்கு ஒரே மகள், எழில்மதி. மலைமேல் கரியாலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்கி வளர்த்தாள். மகளுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது பட்டப்பகலில்தான். மலை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. நர்ஸ் விஜயலட்சுமி தடுப்பூசி போட வேறு ஊருக்குப் போயிருந்தாள். டாக்டர் கலையரசன் மதியமே கீழே இறங்கித் தன் சொந்தக் கிளினிக்கில் உட்கார்ந்துவிடுவார் என்பது மலைக்கே தெரியும். வாடகை ஜீப்பில் ஏற்றினார்கள். பாதி மலை இறங்குவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

பிணவண்டி வேண்டுமானால் இந்தக் காகிதத்தில் கைநாட்டு வை என்றார் கலையரசன், வைத்தாள். 'ஆஸ்பத்திரிக்கு அழைத்தும் குடும்பத்தார் வர மறுத்தனர்' என்று அதில் எழுதியிருந்ததை, மனசு கேட்காமல் மறுமாதம் விஜயலட்சுமிதான் படித்துச் சொன்னாள். மகளைத் தானே கொன்றதாகத் தன் விரலே சாட்சி சொல்லியிருக்கிறது! இருசம்மாள் அழவில்லை. அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தாள்.

பிரசவ மரணங்களைக் குடும்பத்தாரை வைத்தே விசாரிக்கும் கூட்டம் கள்ளக்குறிச்சியில் நடந்தது. விஜயலட்சுமி எதையும் மறைக்கவில்லை. விசாரித்த அதிகாரி அம்மா, "இவர மலையிலிருந்து மாத்திடறோம்" என்றார். கூட வந்த ஊர்க்காரர்களுக்குத் திருப்தி. கலையரசனுக்கு அதைவிடத் திருப்தி. மூன்று வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்ததே அந்த மாற்றல்தான்.

இருசம்மாள் எழுந்தாள்.

"கீழ தப்பு பண்ணா தண்டனைன்னு எங்க மலைக்கு அனுப்பறீங்க. மேல தப்பு பண்ணா கீழ அனுப்பறீங்க. இது இன்னா நியாயம்மா? அந்தாளு எங்கியும் போவக் கூடாது. ஆஸ்பத்திரி பக்கத்துலயே கோட்டர்ஸ் சும்மா கெடக்குது. பொண்டாட்டி புள்ளையோட அங்கியே இருக்கட்டும். அவரு வூட்ல யாருக்குனா ஒண்ணுன்னாலும் அதே ரோட்லதான் எறங்கணும். அப்ப தெரியும். அந்தக் காயிதத்தையும் மாத்தி எழுதுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். அவள் கேட்டபடியே உத்தரவு போட்டார். கிளினிக்கை மூட வைத்து, ஒரு ஆம்புலன்ஸையும் மலையிலேயே நிறுத்தச் சொன்னார்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இருசம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பாள். கடைசி நோயாளி போகும்வரை நகரமாட்டாள். கலையரசன் தலை நிமிரமாட்டார்.

போன வாரம் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குச் சிக்கலான பிரசவம். முடித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க அவரே வாசலுக்கு வந்தார்.

"பொண்ணு பொறந்திருக்கும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." ஒரு நல்ல வார்த்தைக்காக நின்றார்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள் இருசம்மாள். "அப்ப உங்களுக்கு வேல தெரியும். அன்னிக்கு இங்க இருந்திருந்தா எம்பொண்ணயும் காப்பாத்தி இருப்பீங்க. நாளைக்கும் வரேங்க."