ரேவதிக்கு ஒன்பது மதிப்பெண்

சென்ற சனிக்கிழமை பதினாறுக்கு ஒன்பது என்று ஒரு மதிப்பெண் போட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

சிவாஜிநகருக்குப் பக்கத்தில், கன்னடம் கலந்த தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்குச் சனிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி அளிக்கிறேன். கல்லூரி நாட்களில் பட்டிமன்ற மேடைகளில் நான் தோற்றது அரிது. இதைத் தன்னடக்கத்தோடு சொல்லத்தான் முயல்கிறேன்... வரவில்லை.

பள்ளியில் இப்போது எதற்கும் ‘ரூப்ரிக்’ வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு, மாணவர் கண்ணில் படும்படி ஒட்டிவிட வேண்டும். நியாயமான முறைதான். என் அட்டவணையை ஒரே மாலையில் எழுதி முடித்தேன். குரல், உடல்மொழி, அவையை நோக்கும் பார்வை, தடையற்ற ஓட்டம் — ஒவ்வொன்றுக்கும் நான்கு. முதலிடம் பெறுபவருக்குப் பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப்போட்டியில் இடம். ஒரே இடம்.

அந்த இடத்தின் மீது ரேவதிக்கு ஆசை. ஜூன் மாதத்திலிருந்து வாரந்தவறாமல் கேட்டுவந்தாள்.

தலைப்பு: ‘எங்கள் தெருவுக்கு ஒரு கோரிக்கை’. முதலில் கார்த்திக் பேசினான். இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, உரிய இடத்தில் உயரும் கை. நான் கற்பித்தது கற்பித்தபடியே இருந்தது. பதினான்கு.

அடுத்து ரேவதி. பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும் என்று தொடங்கினாள். இரண்டு நிமிடம் கடந்திருக்காது. ஆட்டோ ஓட்டுநரின் மகன் இம்ரான் பெஞ்சில் இருந்தபடியே குறுக்கிட்டான்.

“ஏய் ரேவதி, சும்னே சொல்லாத. ஹம்ப் போட்டா எங்கப்பா ஆட்டோ சஸ்பென்ஷன் போயிடும்.”

நான் அவனை அடக்குவதற்குள், அவள் எங்களை விட்டுவிட்டு அவன் பக்கமே திரும்பிவிட்டாள்.

“மெதுவா வந்தா ஏன்டா போகுது? போன வாரம் உன் தங்கச்சி ரோடு தாண்ட முடியாம எவ்ளோ நேரம் நின்னுச்சு? நீதானே போய் கூட்டினு வந்த?”

இம்ரான் தலையைச் சொறிந்தான். “அது கரெக்ட்தான்... சரி, போடச் சொல்லு.”

வகுப்பு சிரித்தது. ரேவதி விட்ட இடம் மறந்துபோய், தாளைத் தேடி, தடுமாறி முடித்தாள். பார்வைக்கு ஒன்று. ஓட்டத்திற்கு இரண்டு. குரலும் உடல்மொழியும் மும்மூன்று. கூட்டினால் ஒன்பது.

வீடு திரும்பும் பேருந்தில்தான் அந்த எண்ணம் குறுக்கே வந்து நின்றது. இத்தனை மேடைகளில் என் எதிரணியைச் சேர்ந்த ஒருவராவது ‘நீங்கள் சொல்வது சரி’ என்று சொன்னதுண்டா? கோப்பைகள் உண்டு. அந்த ஒருவர் இல்லை. ரேவதிக்கு இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டார்... என் அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது!

புதிதாக ஒரு கட்டம் சேர்த்துவிடலாமா? சுவரில் ஒட்டியதை நம்பி உழைத்த கார்த்திக்கிடம் என்ன சொல்வது? திங்கள் காலைக்குள் பெயர் போயாக வேண்டும்.

திங்களன்று பெயர் கொடுக்கப் போனபோது, ரேவதி பள்ளி வாசலிலேயே காத்திருந்தாள்.

“மிஸ், எதுல கொறஞ்சுச்சு?”

மதிப்பெண் தாளைக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

“ஆடியன்ஸைப் பாக்கலன்னு ஒண்ணு போட்டிருக்கீங்க. ஏன் மிஸ், இம்ரான் ஆடியன்ஸ் இல்லையா?”

ஒன்றை அடித்து நான்கு என்று எழுதினேன். பன்னிரண்டு.

“கார்த்திக்குக்கு?”

“பதினாலு.”

“ஓ...” என்றாள். “சரி மிஸ், அவனையே அனுப்புங்க. நல்லாத்தான் பேசுறான்.” பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள்.

கார்த்திக்கின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் வெள்ளியன்று போட்டி. அவன் வெல்ல வேண்டும் என்றுதான் தினமும் பயிற்சி தருகிறேன் — வென்றுவிட்டால் என் அட்டவணையை யாரும் மாற்றவிட மாட்டார்களே என்று பயமாகவும் இருக்கிறது.