ராக்கன் உறுமியை அடித்துப் பார்த்தான்

ராக்கனுக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போடுவான். முன்னால் இருப்பவர் திரும்பி முறைத்தால், "நல்லாருக்குல்லண்ணே?" என்று அவரிடமே கேட்பான். எங்கள் நையாண்டி மேள செட்டில் நான் தவில், அவன் உறுமி. ஊர் ஊராக அவனுக்காக மன்னிப்புக் கேட்டே என் தொண்டை கட்டிப்போயிற்று.

அன்றைக்கு இலுப்பூர்ப் பக்கம் காலையில் ஒரு கோயிலில் வாசித்துவிட்டு, சாயங்காலக் கச்சேரிக்குப் போக விராலிமலையில் பஸ் மாற நின்றோம். வழியில் பிடித்த தூறலில் உறுமித் தோல் தொய்ந்துவிட்டது. டீக்கடை ஓரம் வெயிலில் காயவைத்தான். காய்ந்ததா என்று பார்க்க விரலால் தட்டினால் போதாதா? படுபாவி, வளைகுச்சியை எடுத்துத் தேய்த்து, சாமியை அழைக்கிற அடியையே அடித்தான். வருசம் முழுக்கக் கோயில் வாசலில் அடித்த கை, அதற்குத்தான் போகும்.

டீக்கடை பெஞ்சில் நிறைமாதப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். செக்கப்புக்குப் போகிறவர்கள். உறுமி இரண்டு தடவை முனகியதுதான், அவள் தலை ஆட ஆரம்பித்தது. கண் செருகிவிட்டது. விருட்டென்று எழுந்தாள்.

"ஐயோ, சொர்ணவல்லி! எம்புள்ளைக்கு அருள் வந்திருச்சே! நிறுத்துய்யா பாவி!" என்று தாய் அலறினாள்.

ராக்கன் வெலவெலத்துப் போய் நிறுத்திவிட்டான். அதுதான் பெரிய தப்பு. அழைத்த சாமியை மேளம் அடித்துத்தான் மலையேற்றி அனுப்ப வேண்டும். நடுவில் விட்டால் ஆடுகிறவர் அடங்கமாட்டார். அவள் அத்தனை பெரிய வயிற்றோடு குதித்தாள். ஒவ்வொரு குதிப்புக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அடிடா! மலையேத்துடா!" என்று கத்தினேன்.

"கை வரமாட்டேங்குது, குணசேகரண்ணே!"

"இவனை மொதல்ல ஒதைக்கணும்" என்று ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். அவரைத் தள்ளிவிட்டு நான் தவிலை உறையிலிருந்து உருவினேன். "எங்கூட வா, மெதுவா வா" என்று அடியைத் தொடங்கினேன். கொஞ்சம் கழித்து உறுமி வந்து ஒட்டியது. அடியைக் குறைத்துக்கொண்டே போனோம். டீக்கடைக்காரர் சாமி படத்துத் திருநீற்றை அவள் நெற்றியில் பூசினார். அவள் தன் தாயின் மடியில் துவண்டு விழுந்தாள்.

தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, அசையலம்மா."

ராக்கன் தரையில் உட்கார்ந்து, "ஆத்தா, தெரியாமச் செஞ்சுட்டேன் ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். சாமியைக் கும்பிட்டானா அந்தப் பெண்ணையா, தெரியவில்லை. ஆட்டோ வந்தது. கைத்தாங்கலாக ஏற்றும்போது அவள் வீறிட்டாள்.

"ஒதைக்குதும்மா!"

தாய் அழுதுகொண்டே ஏறினாள். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி ராக்கனைப் பார்த்தாள். "நல்லா இருய்யா. ஆனா எங்க ஊருப் பக்கம் மட்டும் வந்துறாத."

சாயங்காலம் கோயிலில் பூசாரி, சாமியை அழைக்கச் சொல்லிக் கை காட்டினார். ராக்கன் குச்சியை எடுக்கவில்லை.

"அண்ணே, கூட்டத்துல புள்ளத்தாச்சி யாரும் நிக்கிறாங்களான்னு பாத்துட்டு வாண்ணே."

பூசாரி முறைக்க முறைக்க நான் பந்தல் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை என்றேன். அதற்குப் பிறகும் அவன் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னான்.