டாக்டரம்மாவின் வரிசை

தேனாம்பேட்டை சிக்னலில் டீசல் புகையோடு சானிடைசர் நெடியும் சேர்ந்து வந்தபோது, அடையாற்றங்கரைக் குப்பத்தில், எங்கள் நடுவிலேயே பிறந்து டாக்டருக்குப் படித்து எங்களிடமே திரும்பி வந்த டாக்டரம்மாவின் ஓலைக் கொட்டகைக்குள், அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்திருந்தேன். அங்கே கவுன்சிலரானாலும் வரிசையில்தான் உட்கார வேண்டும். ஸ்டவ்வில் ஊசிகள் கொதிக்கும் சத்தத்தை அமுக்கிக்கொண்டு, குப்பத்தை இடிக்க வந்த புல்டோசர் வாசலில் உறுமியது. டிரைவர் இருமினான்.

“எத்தினி நாளா இருமிக்கினு கீற? வண்டிய ஆஃப் பண்ணிட்டு வரிசைல குந்து,” என்றார் டாக்டரம்மா.

உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் இருந்த பெண்கள், யாரும் சொல்லித்தராமலே, இல்லாத நோவையெல்லாம் பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மருந்தோடு அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் வேறொரு டிரைவர் வந்தான். அவனுக்கு இருமல் இல்லை.